நீலப் பை இங்கே இருக்கிறது

கையில் ஒரு கடலை மிட்டாய் மிஞ்சியது. அந்தக் கணத்தில்தான் குளோரிக்கு உறைத்தது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆளுக்கொன்று என்று எண்ணி எடுத்து வந்த மிட்டாய், மிஞ்ச வழியே இல்லை. யாருக்குக் கொடுக்கவில்லை என்று முகம் முகமாகப் பார்த்தாள். பர்வீன் வாங்கிப் பாதி கடித்தும் ஆயிற்று. சுபாஷினி காகிதத்தை மடித்துப் பையில் செருகிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் ஒற்றை மரத்தின் வேரில் காலை நீட்டி உட்கார்ந்து பனிக்குள் வாயால் புகை விட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மோனிஷா இல்லை. மோனிஷாவின் நீலப் பை இருந்தது, சுபாஷினியின் பைக்குப் பக்கத்தில், வாய் இறுக்கிக் கட்டியபடி, சமர்த்தாக. "மோனி எங்கடி?" என்று கேட்டதற்கு ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்து, "இங்கதாங்கா இருந்தா" என்றார்கள். வழிகாட்டி வெள்ளியப்பன் பையைப் பார்த்தார், பனியைப் பார்த்தார், காதைத் தீட்டிக் கேட்டார். "பை இங்கினதான கெடக்கு டீச்சர். அப்ப புள்ளையும் இங்கிட்டுத்தான் எறங்கியிருக்கும். கீழ ஓடை சத்தம் கேக்குதுல்ல, தண்ணி மோக்கப் போயிருக்கும். நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன். நீங்க ஒருத்தரையும் அசைய விடாதீங்க, நீங்களும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினார். அவருடைய பச்சைச் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

அசையாதீர்கள் என்று சொல்வது எளிது. சொன்னவர் அசைந்துகொண்டிருக்கிறார், கேட்டவள்தான் மரத்தடியில் மிட்டாயைப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்க வேண்டியிருக்கிறது. குளோரி பையைப் பார்த்தாள். புளியந்தோப்பில் அவள் பாடம் சொல்லித்தரும் மாலை நேர மையத்திலிருந்து இரவல் கொடுத்த பை, வார் பிய்ந்திருந்ததை மோனிஷாவே ரோஸ் நூலால் தைத்திருந்தாள், கோணல் தையல். வாரில் விசில் தொங்குகிறது. பக்கப் பையில் தண்ணீர் பாட்டில், முக்கால்வாசி இருக்கிறது. தண்ணீர் இருக்கும்போது எதற்கு ஓடைக்குப் போகிறாள்? ஸ்வெட்டரின் ஒரு கை வெளியே எட்டிப் பார்க்கிறது. அப்படியானால் ஸ்வெட்டர் போடவில்லை, விசில் இல்லை, தண்ணீர் இல்லை. மலையில் ஒரு பெண்ணுக்கு என்னென்ன தேவை என்று குளோரியே கூடத்தில் நின்று விளக்கி, அவளே அடுக்கச் சொல்லி, அவளே சரிபார்த்துத் தூக்கிவிட்ட பை. தேவையானது எல்லாம் இங்கே இருக்கிறது, தேவைப்பட்டவள்தான் இல்லை. காசிமேட்டில் மீன் வெட்டும் அந்த அம்மா, மோனிஷாவின் அம்மா, அனுப்பும்போது அழவில்லை, உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன் என்றெல்லாம் வசனம் பேசவில்லை. கத்தியைக் கழுவிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள். "அங்க பாத்ரூம் கீதா? பொம்பளப் புள்ள எங்கம்மா போவும்?" குளோரி சிரித்துவிட்டு, "காடு பூரா இடந்தாங்கா" என்றாள். அப்போது அது நல்ல பதிலாகத் தோன்றியது. இப்போது அந்த மூன்று வார்த்தையை நாக்கோடு பிடுங்கி எறியலாம் போல இருந்தது. காடு பூரா இடம். வாரியக் குடியிருப்பில் கதவு சரியாக மூடாத கழிவறைக்கு வெளியே ஒருத்தியைக் காவல் வைத்துப் பழகிய பெண் அவள். காடு பூரா இடமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத இடம்வரை போவாள். இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி என்று போவாள். பாதையின் ஒரு பக்கம் புல்சரிவு, மறுபக்கம் பள்ளம். பள்ளம் என்று வெள்ளியப்பன் சொன்னார், கண்ணுக்குத் தெரிவதென்னவோ வெள்ளையாக ஒரு சுவர்தான், சாய்ந்துகொள்ளலாம் போல இருக்கிறது, அதுதான் பயம்.

தன் விசிலை எடுத்து ஊதினாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி ஊதி நிறுத்தி, ஊதி நிறுத்தி. பதில் இல்லை. பதில் விசில் எங்கிருந்து வரும், அது இதோ ரோஸ் நூலுக்குப் பக்கத்தில் தொங்குகிறதே, பைத்தியக்காரி. பயிற்சி கொடுத்த ஆள் நல்ல வெயிலில், தட்டையான மைதானத்தில், கையில் ஒலிபெருக்கியோடு சொன்னார்: தொலைந்தவர் தொலைந்த இடத்திலேயே இருக்க வேண்டும், தலைவர் குழுவை விட்டு நகரக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு சான்றிதழ், கூடவே தேநீர். அந்தச் சான்றிதழ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மையத்தின் கமிட்டியில் ஒருவர், நல்ல மனிதர்தான், இந்தப் பிள்ளைகளுக்கு எதுக்கும்மா மலையேற்றம், தையல் மிஷின் வாங்கலாமே என்றார். குளோரி எழுந்து நின்று பேசினாள். ஐயா, இதுங்க பொறந்ததிலிருந்து அடுத்தவங்க சுவத்துலதான் முழிச்சிருக்குதுங்க, ஒரு தடவையாவது கண்ணு தடுக்காம தூரத்தப் பாக்கட்டும் என்றாள். கைதட்டல் விழுந்தது. இப்போது தூரத்தைப் பார். ஆறு அடிக்கு மேல் தூரமே இல்லை. நாளைக்குச் செய்தியில் போடுவார்கள், மலைக்குச் சென்ற சிறுமி மாயம் என்று. மாயம் என்ற சொல்லை அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏதோ வித்தைக்காரன் துணியை உதறியதுபோல. சே, என்ன நினைப்பு இது, வாயைக் கழுவு. தண்ணீர் மோக்கத்தான் போயிருப்பாள். கீழே வெள்ளியப்பன் அவள் காதைத் திருகிக்கொண்டிருப்பார். வருவாள், வந்ததும் ஒரு அறை விடவேண்டும், அப்புறம் இந்த மிட்டாயைக் கொடுக்கவேண்டும். முதலில் மிட்டாய், அப்புறம் அறை. இல்லை, அறையே வேண்டாம் ஆண்டவரே, வந்தால் போதும்.

"அக்கா, அது கூப்ட்டிருக்குமோ?" என்று பர்வீன் மெல்லக் கேட்டாள். எது என்று கேட்கத் தேவையில்லை. ஜீப்பில் வரும்போது இந்தப் புண்ணியவதிதான் எல்லாருக்கும் கதை விட்டாள்: மலையில் பனி இறங்கினால் ஒன்று வரும், நம் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு நமக்கு வேண்டியவர் குரலிலேயே கூப்பிடும், என்ன என்று கேட்டால் போச்சு. மற்றவர்கள் கத்திக் கூத்தடித்தார்கள். மோனிஷா மட்டும் சிரிக்காமல், "எத்தினி தபா கூப்டும்?" என்று கணக்குப் பாடம் போலக் கேட்டாள். "பர்வீன், வாய மூடிக்கினு இரு, சொல்லிட்டேன்" என்று குளோரி அதட்டினாள், குரல் வேண்டியதைவிட உயர்ந்துவிட்டது. ஆறு பெண்களும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அக்கா பயப்படுகிறாளா என்று பார்க்கிறார்கள். புளியந்தோப்பில் கொசுவுக்குக் கூடப் பயப்படாத பெண்கள், போலீஸ்காரரிடம் எதிர்ப்பேச்சு பேசுகிற பெண்கள், இங்கே ஒரு புல் அசைந்தால் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கிறார்கள். காலையில் பாதையில் கிடந்த சாணத்தைப் பார்த்து, "மாடு மேய்க்கிறவங்க இங்க வருவாங்களாண்ணா?" என்று மோனிஷா கேட்டாள். "இது காட்டுமாடு பாப்பா, இத மேய்க்க ஆளு கெடையாது" என்று வெள்ளியப்பன் சொன்னார். அப்போது எல்லாரும் சிரித்தார்கள். குளோரிக்கு அந்தச் சிரிப்பு இப்போது காதில் கேட்டது. மிட்டாய் உள்ளங்கைச் சூட்டில் பிசுபிசுக்கத் தொடங்கியது, அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை, வைத்தால் ஏதோ கைவிட்டதுபோல் ஆகிவிடும். வெள்ளியப்பன் போய் எவ்வளவு நேரம் ஆகிறது? அரை மணியா, பத்து நிமிடமா? கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பார்த்த உடனே மறந்துவிட்டாள்.

மறுபடி பை. எங்கே சுற்றினாலும் புத்தி பையிலேயே வந்து முட்டிக்கொண்டது. இந்தப் பையை நான் எண்ணினேன். ஒற்றை மரத்துக்கு வந்ததும் வரிசையாகக் கிடந்த பைகளைப் பார்த்து, எல்லாம் வந்துவிட்டது என்று மூச்சு விட்டேன். பைகளைத்தான் எண்ணினேன், தலைகளை எண்ணவில்லை. ஏனடி தலையை எண்ணவில்லை? அதற்கு முந்தைய நிறுத்தத்திலும் அதேதான். வட்டப்பாறையில் பிஸ்கட் தின்று உட்கார்ந்திருந்தோம், பனி திபுதிபுவென்று ஏறியது, கிளம்புங்க கிளம்புங்க என்று வெள்ளியப்பன் அவசரப்படுத்தினார். கடைசியாகப் புறப்பட்டவள் நான்தான், அது என் வேலை. திரும்பிப் பாறையைப் பார்த்தேன். பை எதுவும் இல்லை. பை இல்லை, ஆகவே ஆள் இல்லை என்று நடந்தேன். எவளாவது இப்படி எண்ணுவாளா? எவளும் எண்ணமாட்டாள், தண்ணீர் லாரிக்கு நின்று வளர்ந்தவள் எண்ணுவாள். குளோரியின் கண் அங்கே பழகிய கண். லாரி வருவதற்கு முந்தியே தெருவில் குடங்கள் வந்து நிற்கும். ஆட்கள் இருக்கமாட்டார்கள், ஆளுக்குச் சோறு வடிக்க வேண்டும், குளிக்க வேண்டும், வேலைக்கு ஓட வேண்டும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. மஞ்சள் குடம் என்றால் செல்வமேரி, மூக்கு நசுங்கிய பித்தளை என்றால் ரயில்வே அக்கா. யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், குடத்தைப் பார்த்தே எத்தனை பேருக்குப் பின்னால் நாம் என்று தெரிந்துகொள்வார்கள். நம் குடத்துக்கு ஆபத்து வராது. ஒருவேளை யாருடையது என்று தெரியாவிட்டால் தெருவே கேட்கும்படி கூவுவார்கள், பச்சைக் குடம் யாருது, பச்சைக் குடம் யாருது என்று. சோப்பு நுரையோடு ஒருத்தி மாடியிலிருந்து கத்துவாள், என்னுது, என்னுது, தோ வந்துட்டேன் என்று. குளோரி மூன்றாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் குடத்தை வைத்துவிட்டு ஒன்றுக்குப் போனாள். திரும்பி வந்தால் குடம் இல்லை. வைத்த இடம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, உடைந்த மின்கம்பத்துக்குப் பக்கம், அந்த இடத்தில் வேறொருத்தர் குடம். அங்கேயே நின்று ஊரைக் கூட்டி அழுதாள். குடம் தொலைந்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள். அழுதாளே தவிர, ஒரு அடி முன்னே போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. வைத்த இடத்திலேயே நின்றாள். செல்வமேரி வந்து தலையில் ஒரு குட்டு வைத்து, "ஏ லூசு, வரிசை நவுந்துச்சுன்னு நாந்தான் நவுத்தி வெச்சேன், முன்னால பாரு" என்றாள். முன்னால், வெகு முன்னால், லாரிக்குக் கிட்டத்தில், அவள் குடம் சமர்த்தாக நின்றிருந்தது. பக்கத்துக் குடத்தை நகர்த்திவிடுவது அங்கே உதவி என்றுகூடச் சொல்லமாட்டார்கள், மூச்சு விடுவதுபோல அது. குளோரியின் கண் நீலப் பையிலேயே நிலைத்தது. அதற்குப் பக்கத்தில் சுபாஷினியின் பை, அதற்குப் பக்கத்தில் சுபாஷினி. பிள்ளையின் தோள்பட்டை இரண்டிலும் வார் பதிந்த சிவப்பு, பின்னங்கழுத்திலும் ஒரு சிவப்பு.

"சுபா." குரல் அவளுக்கே கேட்காதபடி வந்தது. மறுபடி கூப்பிட்டாள். "சுபா, மோனி பைய இங்க தூக்கினு வந்தது யாரு?" சுபாஷினி நிமிர்ந்து பார்த்தாள். பயந்த மாதிரி இல்லை, இதையெல்லாம் போய்க் கேட்கிறாளே என்ற பார்வை. "நாந்தாங்கா. முன்னால மாட்டினு எட்த்தாந்தேன். ஒன்னுக்குப் போறேன், பாத்துக்கடின்னா. அப்பால எல்லாம் கெளம்பிட்டீங்க. வரிசை நவுந்துச்சு இல்ல, அதான்." "எங்க? எந்த எடத்துல?" "அந்தப் பாறையாண்ட. பின்னாடியே வந்து சேந்துப்பான்னு நெனச்சேன்." "இத்தினி நேரம் ஏண்டி சொல்லல?" சுபாஷினிக்கு அப்போதுதான் முகம் கோணியது. "இதப் போயி சொல்லணுமாக்கா?" என்றாள். கேட்டு முடிப்பதற்குள் புரிந்துவிட்டது அவளுக்கு, வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்ல வேண்டியதில்லைதான் மகளே. செல்வமேரி யாரிடம் சொன்னாள்? குளோரிக்கு அவளை அடிக்கவும் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை, அவள் இடத்தில் தான் இருந்தாலும் அந்தப் பையைத் தூக்கியிருப்பாள். நாங்களெல்லாம் சேர்ந்து அவளுக்கு உதவி செய்திருக்கிறோம். விசிலைத் தூக்கி, தண்ணீரைத் தூக்கி, ஸ்வெட்டரைத் தூக்கி, ஒரு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. அவள் அங்கே, வெள்ளியப்பன் இங்கே கீழே ஓடையில். ஊதினாள், கத்தினாள், "அண்ணா, அண்ணா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஓடை மட்டும் பேசியது. அவர் வரும்வரை இருக்கலாம். அசையாதீர்கள் என்றார். தலைவர் குழுவை விட்டு நகரக் கூடாது. சரி, குழுவை விட வேண்டாம். ஆனால் பனி இன்னும் இறங்கினால் பாதையே தெரியாது, வைத்த இடத்தில் அழுதுகொண்டு நிற்கிறவள் எவ்வளவு நேரம் நிற்பாள்? அன்றைக்குக் குளோரி நின்றாள், ஏனென்றால் தெரு அவளுக்குத் தெரியும். மோனிக்கு இங்கே என்ன தெரியும்? பள்ளம் எந்தப் பக்கம் என்று ஞாபகம் வைத்திருப்பாளா? "எழுந்திரிங்க எல்லாரும். பைய மாட்டுங்க. முன்னால இருக்கறவ பை வாரப் புடிச்சுக்கணும், கை உட்டா கொன்னுடுவேன்." வெள்ளியப்பனுக்கு அடையாளமாகத் தன் சிவப்புப் பையை மரத்தடியில் வைத்தாள். அழுதுகொண்டிருந்த சுபாஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "உன் பைய உட்டுட்டுப் போனா அவரு உன்ன இங்க தேடுவாருக்கா." குளோரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வந்த பாதையைக் காட்டிக் கற்களால் ஒரு அம்பு வைத்தாள். நீலப் பையைச் சுபாஷினி யாருக்கும் கொடுக்கவில்லை, தானே முன்னால் மாட்டிக்கொண்டாள்.

இடக்கை புல்சரிவைத் தடவியபடி நடந்தாள். இடக்கையில் புல் இருக்கும்வரை வலப்பக்கம் என்ன இருந்தால் என்ன. பின்னால் ஆறு பேர் மூச்சு. வரும்போது இந்தத் தூரம் ஒன்றுமே இல்லை, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள், இப்போது ஒவ்வொரு கல்லும் ஒரு ஊராக இருந்தது. அவள் அங்கே இல்லாவிட்டால்? பையைத் தேடிக்கொண்டு கிளம்பியிருந்தால்? குடம் தொலைந்த பிள்ளை என்று நானாகக் கதை கட்டிக்கொள்கிறேன், மோனி குளோரி இல்லை, மோனி துடுக்கு, வீட்டிலேயே ஒரு இடத்தில் இருக்கமாட்டாள், அவள் அம்மாவே சொல்லியிருக்கிறாள். அம்மா. கத்தியைக் கழுவுகிற அம்மா. அக்கா, பாத்ரூம் இருந்ததுக்கா, காடு பூரா இருந்தது. புல்லுக்குள் ஏதோ பெரிதாக மூச்சு விட்டது, எல்லாரும் நின்றுவிட்டார்கள், காற்றுதான், நட நட. பாதை கொஞ்சம் அகன்றது. வட்டப்பாறை கிட்டத்தில்தான் இருக்க வேண்டும், காலடியில் பிஸ்கட் காகிதம் ஒன்று, பொறுக்கச் சொல்லி நான் கத்தியும் எவளோ போட்டிருக்கிறாள், அவள் நன்றாக இருக்க வேண்டும். "மோனி!" என்று கத்தினாள். "மோனிஷா! ஏ மோனீ!" பின்னாலிருந்த ஆறு பேரும் சேர்ந்து கத்தினார்கள். பனி அந்தச் சத்தத்தைப் பஞ்சு போல உள்ளே வாங்கிக்கொண்டது. பதில் இல்லை. குளோரி கையை நீட்டிப் பனியைத் துழாவினாள். இல்லை. அங்கேயும் இல்லை. மறுபடி கத்தினாள். எங்கோ மிகக் கிட்டத்தில், கேட்டும் கேட்காததுமாக, ஒரு கல் உருண்ட சத்தம், பிறகு யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு அமைதி. "அக்கா," பர்வீன் அவள் வாரை இழுத்தாள். "பேரச் சொல்லிக் கூப்டாதக்கா. நா சொன்ன கதைய அவ நம்பினாக்கா. நம்பிட்டா. பேசமாட்டா."

வேண்டியவர் குரலிலேயே கூப்பிடும். பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு கூப்பிடும். அப்படியானால் என் குரலும் ஆகாது, அவள் பெயரும் ஆகாது. அவள் இங்கே இருக்கிறாள், இந்த வெள்ளைக்குள், கைக்கெட்டும் தூரத்தில், நாங்கள் கத்தக் கத்த வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இன்னும் பின்னால் போகிறாள், பின்னால் எது இருக்கிறது என்று தெரியாமல். இன்னொரு தடவை மோனி என்று கத்தினால் இன்னொரு அடி போவாள். குளோரி வாயைத் திறந்தாள், மூடினாள். என்ன சொல்வது, எந்தப் பேய்க்கும் தெரியாதது எது, புளியந்தோப்புக்கு மட்டும் தெரிந்தது எது? சுபாஷினியின் மார்பில் தொங்கிய நீலப் பையைப் பார்த்தாள். அப்புறம் யோசிக்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றி, மூன்றாம் மாடிவரை கேட்கிற அந்தப் பழைய குரலில், லாரிக்காரன் ஹாரன் அடிக்கிற நேரத்துக் குரலில் கூவினாள்.

"நீலப் பை யாருது? ஏ, இந்த நீலப் பை யாருது?"

பனி சும்மா இருந்தது. பிறகு, வலப்பக்கத்திலிருந்து, பள்ளத்துப் பக்கத்திலிருந்து, அழுது அழுது கம்மிப்போன ஒரு குரல் அவசரமாகக் கத்தியது. "என்னுது! என்னுதுக்கா! தோ வந்துட்டேன்!"

"வராத!" குளோரி அலறினாள். "ஒரு அடி எடுத்து வெக்காத. அப்டியே குந்திக்க. நீ வரவேணாம், பை உன்னாண்ட வருது." அவள் மண்டியிட்டாள், சுபாஷினியின் கையைப் பிடித்துக்கொண்டாள், மறுகையால் தரையைத் தடவித் தடவி, இருவரும் அந்தக் குரலை நோக்கித் தவழத் தொடங்கினார்கள். என்னுது, என்னுது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது, எங்கே வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்களோ என்பதுபோல. கடைசியில் விரலில் ஒரு செருப்பு பட்டது, செருப்புக்குள் கால் இருந்தது, சில்லென்று இருந்தது. குளோரி அந்தக் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். மிட்டாய் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.